நான்காம் நிலை

மூன்றாவது ஆளும் அதே வாக்கியத்தைச் சொல்வதை, மென்பொருளைச் சோதிக்கும் டெஸ்டர் கேட்டுக்கொண்டிருந்தாள். கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம், வேலையை மதிப்பிட வந்தவரிடம் பேசும் தன் முறைக்காக அவள் உட்கார்ந்திருந்தாள். "ஒருத்தர் எழுதுன புரோகிராமை இன்னொருத்தர் பார்க்காம வெளிய விடமாட்டோம் சார்." வகுப்பில் செய்யுள் ஒப்பிக்கிற பிள்ளைபோல, மூச்சுவிடாமல். ஒப்பிக்கக் கற்றுக்கொடுத்தது மேலாளர். எந்நேரமும் கஞ்சி போட்ட சட்டையின் மொடமொடப்போடு வருவதால் அலுவலகத்தில் அவருக்கு மாப்பிள்ளை என்று பெயர்.

ஊரின் ஆம்புலன்ஸ்களை எந்த வீட்டுக்குப் போ என்று ஏவுவது அவர்கள் எழுதும் மென்பொருள்தான். போன மாதம் யாரும் சோதித்துப் பார்க்காத ஒரு மாற்றத்தை மாப்பிள்ளை அவசரமாக ஏற்றச் சொன்னார். இரண்டு வண்டிகள் ஒரே வாசலில் போய் நின்றன. இன்னொரு வீட்டில் ஒரு பெண், கணவனின் நெஞ்சை அழுத்திக்கொண்டே போனில் காத்திருந்தாள். அந்த ஒலிப்பதிவைக் கேட்டுப் பிழையைக் கண்டுபிடிக்கும் வேலை டெஸ்டர் தலையில் விழுந்தது. "கிளம்பிட்டாங்களா, கிளம்பிட்டாங்களா" என்று கேட்டுக்கொண்டே இருந்த குரல், ஒரு கட்டத்தில் கேட்பதை விட்டுவிட்டது.

அதனால்தான் வேலைமுறை எவ்வளவு தேறியிருக்கிறது என்று ஒன்று முதல் ஐந்து வரை நிலை போட வெளியிலிருந்து ஒருவர் வருகிறார் என்றதும் அவளுக்கு உயிர் வந்தது. வந்தவர் நரைத்த மனிதர், கொடுத்த டீயைக்கூடத் தொடவில்லை. இவரிடம் மாப்பிள்ளையின் வித்தை பலிக்காது என்று நினைத்தாள்.

மதியம் கை கழுவப் போனபோது, நடைபாதைத் திருப்பத்தில் அவர் மாப்பிள்ளையிடம் பேசுவது காதில் விழுந்தது.

"எல்லாரும் ஒரே மாதிரி சொல்றாங்களே. கொஞ்சம் மாத்திச் சொல்லச் சொல்லுங்க. எனக்கும் எழுதத் தோதா இருக்கும்."

மாப்பிள்ளை சிரித்தார். வந்த மனிதர் ஏமாந்து போகிறவர் என்றாலாவது அவள் பரிதாபப்பட்டிருக்கலாம்.

அவள் முறை வந்தது. நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள்.

"இங்க யாரும் எதையும் பார்க்கிறதில்ல சார். பார்த்த மாதிரி டிக் போட்டுக்குவோம். போன மாசம் ஒருத்தர் செத்துட்டார்."

அவர் பேனாவை வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையில் அதிர்ச்சி இருந்திருந்தால் போதும். இருந்ததோ வாஞ்சை.

"மேலதிகாரிக்குப் பயப்படாம இப்படிப் பேச முடியுதே, அதுவே பெரிய விஷயம்மா. இதுக்குன்னு தனி மார்க் இருக்கு."

"நான் சொன்னதை எழுதுங்க சார்."

"எழுதுறேன்மா."

எழுதினார். மாலையில் எல்லாரையும் கூட்டிவைத்து வாசித்தார். குறைகளை ஒளிவுமறைவின்றிப் பேசும் குழு. எனவே மூன்று அல்ல, நான்காம் நிலை. செத்தவர் அதில் எங்கும் இல்லை. கைதட்டினார்கள். "எல்லாம் அக்காவாலதான்" என்று ஒருவன் கத்த, எல்லார் தலையும் அவள் பக்கம் திரும்பியது. மாப்பிள்ளை கேக்கில் முதல் துண்டை வெட்டி, அவள் வாயருகே நீட்டினார். விரல் இடுக்கெல்லாம் கிரீம் வழிந்தது. அவள் உதட்டை இறுக்கிக்கொண்டாள். போட்டோ எடுப்பவர் "கொஞ்சம் சிரிங்க" என்றார்.

"ஊட்டினாத்தான் சாப்பிடுவாங்கபோல" என்று மாப்பிள்ளை துண்டை இன்னும் கொஞ்சம் தள்ளினார். அவள் கன்னத்தில் வழவழவென்று ஒட்டியது. அவளுக்குப் பின்னால், கேக்கை ஒரு கையில் பிடித்தபடி ஒருத்தன் கம்ப்யூட்டர் பக்கம் குனிந்தான். "மாப்பிள்ள சார், அந்தப் புது மாற்றம் ரெடி. ஏத்திடவா?"

அவர் திரும்பாமலே கட்டை விரலை உயர்த்திக் காட்டினார். தான் இன்னும் சோதிக்காத அந்த மாற்றத்தை டெஸ்டர் தடுக்கத் திரும்புவதற்குள் பட்டன் அமுங்கியிருந்தது. அவன் விரலை எடுத்த இடத்தில் வெள்ளையாக ஒரு பொட்டு கிரீம், பட்டன் இடுக்கில் மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது.