நடுமேடைக்கு நாலு பிளக்

அரியலூரிலிருந்து ஜெயங்கொண்டம் போகும் சாலையில், ஊர் முடிகிற இடத்தில் ஜெயசுதா வீடு கட்டிக்கொண்டிருந்தாள். பணம் அவளுடையது, மனையும் அவள் பேரில். செங்கல் பார்த்தது, கொத்தனாரைப் பிடித்தது, வாசல் எங்கே ஜன்னல் எங்கே என்று கையை நீட்டி நீட்டிக் காட்டியது எல்லாம் அவள் அண்ணன் அரங்கநாதன். முந்திரித் தோப்பை அப்படியே போட்டுவிட்டு மாதக்கணக்கில் இங்கே பழியாகக் கிடந்தான். தங்கைக்கு ஒரு குறையும் வந்துவிடக் கூடாது என்பது அவன் எண்ணம். அந்த எண்ணத்தோடுதான் ஜெயசுதா தினமும் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது.

குழந்தையில் வந்த போலியோவில் அவளுடைய இடது கால் சூம்பிவிட்டது. ஊன்றுகோல் இருந்தால் நடப்பாள், பக்கச் சக்கரம் வைத்த ஸ்கூட்டியில் தாலுகா ஆபீஸ் போய்வருவாள், கோப்புகளைப் புரட்டி நாலு பேரை அதட்டி வேலை வாங்குவாள். ஆனால் வயது நாற்பதைத் தாண்டியும் ஒரு நாள்கூட மிக்ஸி ஓட்டியதில்லை. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, நினைத்தால் கோபம்தான் வரும். மிக்ஸிக்கு இரண்டு கை வேண்டும், மூடியை அழுத்த ஒன்று, குமிழைத் திருப்ப ஒன்று. நிற்கும்போது அவளுடைய ஒரு கை ஊன்றுகோலுக்குப் போய்விடும். அண்ணன் வீட்டில் அடுப்படிப் பக்கம் தலையைக் காட்டினாலே அண்ணி உண்ணாமலை, "நீ உக்காரு சுதா" என்பாள். அண்ணனும், "நீ உக்காரு பாப்பா" என்பான். இத்தனை வருடமாக உட்கார்ந்து உட்கார்ந்தே அவளுக்கு அலுத்துப்போயிருந்தது.

அதனால்தான் தனி வீடு. அதனால்தான் அடுப்படி நடுவில் ஒரு மேடை. செல்போனில் எங்கோ பார்த்த வீடியோவில் இருந்து எடுத்த யோசனை அது. சுவரை ஒட்டி நிற்கிற உயரத்தில் இல்லாமல், சாப்பாட்டு மேசை உயரத்தில், அடியில் கால் நீட்டி உட்காருகிற மாதிரி ஒரு நடுமேடை. ஆபீஸ் நாற்காலி மாதிரி உருளுகிற நாற்காலி ஒன்று. கேஸ் கிடையாது, சிலிண்டரோடு யார் மல்லாடுவது? கரண்ட் அடுப்பு, மிக்ஸி, குக்கர், தண்ணீர் காய்ச்சும் கெட்டில், எல்லாம் கரண்டில். உட்கார்ந்தபடியே இரண்டு கையாலும் சமைப்பாள்.

அரங்கநாதன் இதைக் கேட்டுச் சிரித்துவிட்டு, "ஆசைக்குக் கட்டிக்க பாப்பா. சமையலுக்கு நம்ம ஊர்ல இருந்து ஒரு ஆள அனுப்புறேன். உன்னோடயே தங்கிக்கட்டும்" என்றான். இன்றைக்கு ஆள் வருவாள், நாளைக்கு அவள் கையை எதிர்பார்த்து உட்கார வேண்டும், அப்புறம் இதுவும் அண்ணன் வீடுதான். ஜெயசுதாவுக்கு அது நன்றாகத் தெரியும். தன் சோற்றைத் தான் பொங்கினால்தான் தனியாக இருக்க விடுவார்கள். முதலில் வீடு எழும்பட்டும் என்று விட்டுவைத்தாள்.

தரைக்குக் கான்கிரீட் போடுகிற நாள் வந்தது. அன்றைக்கு அவள் லீவு போட்டுவிட்டுக் காலையிலேயே ஸ்கூட்டியில் போய் இறங்கினாள். வெளியே கலவை மிஷின் வந்து நின்றது. ஆட்கள் ஜல்லியும் மணலும் அள்ளிக் குவித்துக்கொண்டிருந்தார்கள். அவள் அடுப்படிக்குள் போய்ப் பார்த்தாள்.

சுவரில் எல்லாப் பிளக் பெட்டியும் பதித்தாகிவிட்டது, அதுவும் அவள் நின்றால் தோள் வருகிற உயரத்துக்கு. நடுமேடை வரவேண்டிய இடத்தில் வெறும் மணல். ஒயர் போகிற பைப் ஒன்றுகூடத் தரைக்கு அடியில் அங்கே போகவில்லை. மேலே கலவையைக் கொட்டிவிட்டால் முடிந்தது, பிறகு கரண்ட் வேண்டுமென்றால் தரையை உடைக்க வேண்டும். புதுத் தரையை உடைக்க எந்த அண்ணன் சம்மதிப்பான்?

"மணிவேலு!" என்று கத்தினாள்.

ஒயரிங் வேலை பார்க்கும் மணிவேல் ஓடிவந்தான்.

"நடுமேடைக்கு பைப் எங்க?"

"அண்ணன்தான் வேணாம்னு சொன்னாருக்கா. செல் சார்ஜ் போட சுவத்துல இருக்கறதே போதும்னாரு. எல்லாத்தயும் மேல தூக்கி வைக்கச் சொன்னதும் அவருதான்."

அரங்கநாதன் தலையில் கட்டிய துண்டோடு உள்ளே வந்தான். முகத்தில் ஒரு பெருமை. "பாத்தியா பாப்பா? வழக்கமா வைக்கிறத விட மேல வைக்கச் சொல்லியிருக்கேன். நீ குனியவே வேணாம்."

திட்டலாம் என்று வந்தவளுக்கு எங்கிருந்து திட்டுவது என்று தெரியவில்லை. பாசத்தில் செய்திருக்கிறான். பாசத்தில்தான் எல்லாவற்றையும் உட்கார்ந்தால் அவள் கைக்கு எட்டாத இடத்தில் தூக்கி வைத்திருக்கிறான்.

"அண்ணே, குனியறதில்ல என் கஷ்டம். நிக்கிறதுதான் கஷ்டம்."

"அதான் கம்பு இருக்கே."

"கம்பு இருக்கு. கம்பப் புடிச்சா கை எங்க இருக்கு? நின்னா எனக்கு ஒரு கைதான். ஒத்தக் கையில மிக்ஸி ஓட்டுவியா நீ? ஒத்தக் கையில சோறு வடிப்பியா?"

அரங்கநாதன் அவள் கையையும் ஊன்றுகோலையும் மாறி மாறிப் பார்த்தான். சின்ன வயதில் அவளைத் தோளில் தூக்கிப் பள்ளிக்கூடம் கொண்டுபோனவன். காலைத்தான் இத்தனை நாளும் பார்த்திருக்கிறான், கையைப் பற்றி அவன் யோசித்ததே இல்லை. ஆனாலும் சட்டென்று இறங்கிவர அவனால் முடியவில்லை.

"ஆளுதான் வைக்கப் போறமே. அப்புறம் நீ எதுக்கு..."

"ஆளு வேணாம். என் வூட்டுல நான்தான் சமைப்பேன்."

"மிஷின் வாடகை ஓடுது பாப்பா. ஆளுங்கல்லாம் நிக்கிறாங்க. இப்ப போட்டுடுவோம், அப்புறமா டேபிள் மேல ஒயர் கியர் இழுத்து..."

"ஒயர் தரையில கெடந்தா கம்பு மாட்டி நான் வுழுவேன். அப்ப பாக்கலாம்னு சொல்றியா?"

வாசலில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றை எடுத்து வரச் சொன்னாள். மணலுக்கு நடுவே, மேடை வரவேண்டிய இடத்தில் அதைப் போட்டு உட்கார்ந்தாள். ஊன்றுகோலை மடியில் குறுக்கே வைத்துக்கொண்டாள்.

"பைப் போடாம கலவை கொட்டணும்னா என் மேலதான் கொட்டணும். கொட்டுங்க."

வெளியே கலவை மிஷின் சும்மா நின்றது. ஆட்கள் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள். அரசாங்க ஆபீசில் அவளிடம் வந்து நிற்கிறவர்களுக்கு இந்த முகம் தெரியும். அரங்கநாதனுக்கு அது புதுசு. துண்டை அவிழ்த்தான், உதறினான், திரும்பக் கட்டினான்.

அந்த நேரம் பார்த்து உண்ணாமலை டீத் தூக்கும் வடைப் பொட்டலமும் கொண்டு ஆட்டோவில் வந்து இறங்கினாள். அடுப்படி மணலில் நாத்தனார் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, "என்னாச்சு?" என்றாள். அரங்கநாதன் அவசர அவசரமாக நடந்ததைச் சொன்னான். பெண்டாட்டி தன் பக்கம் பேசுவாள் என்று அவன் நம்பியது முகத்திலேயே தெரிந்தது. ஜெயசுதாவும் அப்படித்தான் நினைத்தாள். 'நீ உக்காரு சுதா' என்று சொல்லப் போகிறாள் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

உண்ணாமலை டீத் தூக்கைக் கீழே வைத்தாள். சுவரில் இருந்த பெட்டிகளை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு நாத்தனாரின் எதிரே வந்து நின்றாள்.

"அடுப்ப எந்தப் பக்கம் வைக்கப் போற?"

ஜெயசுதா தடுமாறிப்போனாள். "இடது பக்கம், அண்ணி."

"அப்ப அடுப்புக்குப் பின்னாடி பிளக் வேணாம். ஆவி மேல கை நீட்டி அணைக்கக் கூடாது. என் கையப் பாரு" என்று முழங்கைக்குக் கீழே இருந்த பழைய தழும்புகளைக் காட்டினாள். "மேடைக்கு ரெண்டு ஓரத்துலயும் வை. தண்ணி சிந்துனா பிளக்குல எறங்கக் கூடாது, அதுக்கும் ஏதாச்சும் பண்ணு தம்பி."

"ரெண்டு ஓரத்துலயும் மேடைக்கு மேல சாண் உசரத்துக்குச் சின்னச் சுவரு எழுப்பி அதுல பெட்டி வச்சுரலாம்க்கா" என்றான் மணிவேல். "ஓரத்துக்கு ரெண்டு பவர் பிளக். மொத்தம் நாலு. அடுப்புக்குத் தனி ஒயர் இழுத்துடறேன்."

"உட்காந்த எடத்துல இருந்து எட்டுமா?" என்றாள் உண்ணாமலை.

ஜெயசுதா இரண்டு கையையும் பக்கவாட்டில் நீட்டினாள். நீட்டிய விரல் முனைக்கு நேரே மணிவேல் மணலில் சுண்ணாம்புப் பொடியால் கோடு கிழித்தான். கொத்தனார் செங்கல்லை அடுக்கி மேலே பலகை போட்டுக் காட்டினார். வரைபடத்தில் இருந்த மேடை அதைவிட நீளம். அரங்கநாதன் ஆசைப்பட்டு வரையச் சொன்ன நீளம்.

"பெருசா இருந்தாத்தான பாக்க லட்சணமா இருக்கும்?" என்றான் அவன், குரலில் பழைய வேகம் இல்லாமல்.

"எட்டாத மேடைய வச்சு லட்சணம் பாக்கறதுக்கா? வெட்டிக் குறைங்க கொத்தனாரே. என் கை அளவுக்குத்தான் வேணும்."

பலகைக்கு முன் உட்கார்ந்து அவள் இல்லாத மிக்ஸியை வைத்து அழுத்தினாள், இல்லாத அடுப்பை அணைத்தாள், இல்லாத குக்கரை இறக்கினாள். உண்ணாமலை பக்கத்தில் நின்று, "இன்னும் கொஞ்சம் உன் பக்கம் தள்ளு... ம், இப்ப சரி" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். ஆட்களில் ஒருவன் சிரித்தான். உண்ணாமலை திரும்பிப் பார்த்த பார்வையில் பேசாமல் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

மணிவேல் மணலைத் தோண்டிப் பைப்பை இறக்கினான்.

"ஏன்டி, நீயுமா?" என்றான் அரங்கநாதன் மனைவியிடம்.

"கல்யாணமாகி வந்த நாளா நானே சமைக்கிறேன். இவ சமைச்சா எனக்கும் ஒரு வேளை உக்காந்து சாப்புடக் கெடைக்கும்ல?" என்றாள் அவள். டீயை ஊற்றி முதல் தம்ளரை நாத்தனாருக்குக் கொடுத்தாள்.

ஜெயசுதா அண்ணியை நிமிர்ந்து பார்த்தாள். அடுப்படியைத் தனக்கு விடாமல் பூட்டி வைத்திருக்கிறாள் என்று இத்தனை வருடம் மனசுக்குள் பொருமியது நினைவுக்கு வந்தது. அந்த அடுப்படியிலிருந்து அண்ணிக்கும் விடுதலை இல்லை என்று அவளுக்கு இப்போதுதான் உறைத்தது. கண் கலங்கிவிட்டது. வடையைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டு சமாளித்தாள்.

"சுவத்துல மேல வச்ச பிளக்கெல்லாம் கீழ எறக்கிடவாக்கா?" என்று கேட்டான் மணிவேல்.

"எறக்கிடு. ஒண்ண மட்டும் அப்படியே வுடு. அது அண்ணனுக்கு. வர்றப்ப செல் சார்ஜ் போட்டுக்கட்டும்."

மதியத்துக்கு மேல்தான் கலவை கொட்டினார்கள்.

வீடு குடிபோன பிறகு ஒரு வாரம் போல உண்ணாமலை கூடவே இருந்துவிட்டு ஊருக்குப் போனாள். சமையல் ஆள் பற்றி அரங்கநாதன் பேச்செடுக்கவில்லை, விட்டுவிட்டதாகவும் சொல்லவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை, போன்கூடப் பண்ணாமல் வந்து நின்றான். எதைப் பார்க்க வந்தான் என்று அவளுக்குத் தெரியும்.

"சாப்டியா அண்ணே?"

"இல்ல."

"வா."

அவன் செல்லை எடுத்து, சுவரில் தனக்காக விட்டிருந்த உயரமான பிளக்கில் சொருகினான். ஜெயசுதாவின் ஊன்றுகோல் அடுப்படிக் கதவோரம் சாய்ந்து நின்றது. அவள் நாற்காலியை உருட்டிக்கொண்டு நடுமேடைக்கு வந்தாள். இடது பக்கம் தோசைக்கல், வலது பக்கம் மிக்ஸி. தேங்காய், பொட்டுக்கடலை, பச்சைமிளகாய், உப்பு போட்டு மூடினாள். அவன் எழுந்து, "மூடிய நான் புடிக்கிறேன் பாப்பா" என்று வந்தான்.

"நீ உக்காரு அண்ணே."

அவன் உட்கார்ந்தான். அவள் ஒரு கையால் மூடியை அழுத்தினாள், மறு கையால் குமிழைத் திருப்பினாள். மிக்ஸி வீடே அதிர ஓடியது. தோசையைத் திருப்பினாள், அடுப்பைக் குறைத்தாள், எங்கேயும் எட்டிக் கை நீட்டவில்லை. தட்டில் இரண்டு தோசை, ஓரத்தில் சட்னி. தட்டை மேடை மேல் தள்ளினாள்.

அரங்கநாதன் ஒரு விள்ளல் பிட்டுச் சட்னியில் தோய்த்து வாயில் போட்டான். மென்றான். இன்னும் கொஞ்சம் மென்றான். தங்கை சமைத்து அவன் சாப்பிடுவது இதுதான் முதல் தடவை. அவனுக்குப் பொய் சொல்ல வராது.

"உப்பு ஜாஸ்தி பாப்பா."

இந்த வார்த்தையை அவளிடம் இதுவரை யாரும் சொன்னதில்லை. சொல்ல வழியே இருந்ததில்லை. அவளும் ஒரு விரலால் தொட்டு நக்கிப் பார்த்தாள். நிஜமாகவே கரித்தது. அவளுக்குச் சிரிப்பு பொங்கி வந்தது.

"ஆமாண்ணே, ஜாஸ்திதான்" என்றாள். "நாளைக்குக் கொறைச்சுப் போடுறேன்."