குடிக்க ஒன்று, கழுவ இரண்டு

பிரிக்பீல்ட்ஸ் டிஸ்பென்சரியில் மருந்து அவர்களுடையது, போத்தல் நம்முடையது. போத்தல் கொண்டுவராதவன் உள்ளங்கையில் வாங்கிக் குடித்துவிட்டுப் போகட்டும் என்று அங்கே மருந்து ஊற்றிக் கொடுக்கிற பழைய டிரெசர் சொல்வார். நான் இரண்டு போத்தல் வைத்திருந்தேன். ஒரே அளவு, ஒரே கழுத்து. ஒன்றில் வயிற்றுக்குக் குடிக்கிற மருந்து. மற்றதில் கால் புண் கழுவுகிற நீலத் தண்ணீர். அதைக் குடித்தால் குடல் வெந்து செத்துப்போவாய் என்று சொல்லியிருந்தார்கள். இரண்டிலும் வாசனை கிடையாது.

எனக்குக் கண் தெரியாது. வெளிச்சம் எது இருட்டு எது என்று தெரியும், அவ்வளவுதான். இதை யாரிடமும் சொன்னதில்லை. கால் புண்தான் கைகொடுத்தது. தடி ஊன்றி மெல்ல நடந்தால், பாவம் புண் என்பார்கள். ரயில் பாட்டையில் முப்பது வருஷம் கல் கொட்டியவனுக்கு இந்தத் தெருவில் வழி சொல்ல ஆள் வேண்டாம்.

சொல்லாததற்குக் காரணம் உண்டு. கண் இல்லாதவன் கையில் விஷ மருந்து கொடுக்கமாட்டார்கள். சொந்தக்காரன் வந்து வாங்க வேண்டும் என்பது அங்கே சட்டம். எனக்கு இருக்கிற ஒரே சொந்தக்காரன் கிள்ளானில் மாடு வைத்திருக்கிற தங்கை மகன் கன்னையா. “மாமா, இங்க வந்துடுங்க, கொட்டாய்ல ஒரு மூலை காலியா இருக்கு” என்று வருஷா வருஷம் சொல்லியனுப்புவான். அன்பாம். மாட்டுக்குக் காவல் ஆள் வேண்டும், அதுதான் விஷயம். பிரிக்பீல்ட்ஸில் எனக்கென்று ஒரு அறை, உள்ளே தாழ்ப்பாள். அதை விட்டுவிட்டு மாட்டுக்கு நடுவே போய்ப் படுக்க எனக்கு மனமில்லை.

அதனால் போத்தல் கழுத்தில் நூல் கட்டினேன். குடிக்கிறதுக்கு ஒரு முடிச்சு. கழுவுகிறதுக்கு இரண்டு. டிஸ்பென்சரியில் இங்கிலீஷில் காகிதம் ஒட்டுவார்கள். கண் இருந்த காலத்திலும் எனக்கு அது கோழி கிளறின மண்தான்.

பழைய டிரெசர் இருந்தவரை நூலால் தொல்லையில்லை. அவர் மாற்றலாகிப் போய், வாலண்டைன் என்று ஒருவர் வந்தார். கோயிலுக்குப் போகாத, மாதா கோயிலுக்குப் போகிற ஆள். சுத்தம் பார்ப்பவர். என் போத்தல்களைக் கையில் எடுத்தார்.

“என்ன பெரியவரே, மந்திரிச்ச கயிறா? இங்க மருந்துதான் வேலை செய்யும், பூசாரி கயிறு இல்ல.”

கத்தரிக்கோல் இரண்டு தடவை சத்தம் போட்டது. வாயைத் திறந்தால் கிள்ளான். மூடிக்கொண்டேன். எது எந்தக் கையில் வருகிறதென்று கவனிக்கலாம் என்றிருந்தேன். அந்த மனுஷர் இரண்டையும் நிரப்பி அவரே என் பைக்குள் போட்டுவிட்டார்.

தெரு மூலையில் நல்லம்மாள் கடலை வறுக்கிறவள். அவளிடம் நேராகக் கேட்டால் பொழுது சாய்வதற்குள் சேதி கன்னையாவுக்குப் போய்விடும். சுற்றி வளைத்தேன். ஒரு போத்தலைத் தூக்கி, “இந்த வாட்டி நீலம் நல்லா இருக்கில்ல?” என்றேன்.

“ரொம்ப நல்லா இருக்குண்ணே.” கரண்டி சட்டியில் உரசுகிற சத்தம் நிற்கவேயில்லை.

எனக்குச் சந்தேகம். மற்ற போத்தலைத் தூக்கி, “இந்த நீலம்?” என்றேன்.

“அதுவும் நல்ல நீலம்ணே.”

இவளை நம்பிக் குடித்திருந்தால் மறுநாள் எனக்குப் பால் ஊற்றியிருப்பார்கள்.

கட்டியதை அறுத்தவனே பதில் சொல்லட்டும் என்று திரும்பிப் போனேன். வரிசையைத் தாண்டி நேரே மேசைக்குப் போனேன். பின்னால் நாலு பேர் திட்டினார்கள்.

“ஐயா, இதுல எது விஷம்?”

“லேபில் ஒட்டியிருக்கே, பாரும்.”

“பாக்க முடிஞ்சா நான் ஏன் திரும்பி வரேன்?”

நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

“எவ்வளவு நாளா?”

“ரெண்டு வருஷம்.”

“அப்போ அந்தக் கயிறு?”

“குடிக்க ஒரு முடிச்சு, கழுவ ரெண்டு. பூசாரியை நம்புறவன் உங்க முன்னாடி வந்து ஏன் கால்கடுக்க நிக்கிறான்?”

யாரோ சிரித்தான். டிரெசர் சிரிக்கவில்லை. “சொந்தக்காரரைக் கூட்டிட்டு வாரும். சட்டம்.”

“அவன் வந்து என்ன பண்ணுவான்? கைநாட்டு வைக்கிறவன். நான் கண்ணில்லாம செய்யிற தப்பை அவன் கண்ணைத் திறந்துகிட்டே செய்வான். இந்த வரிசையில இங்கிலீஷ் வாசிக்கத் தெரிஞ்சவனைக் கையைத் தூக்கச் சொல்லுங்க.”

சொன்னார்.

“எத்தனை கை?” என்றேன்.

“ஒண்ணு” என்றார் டிரெசர். “என் கை.”

பிறகு மேசை இழுப்பறை திறந்தது. கட்டுப்போடுகிற நூலை எடுத்தார் போலிருக்கிறது. “குடிக்க ஒண்ணுதானே?” என்று கேட்டுக் கட்டி, இரண்டையும் என் கையில் கொடுத்தார். விரலால் எண்ணினேன். முடிச்சு சரி. உள்ளே இருப்பது சரி என்று யார் கண்டது?

ஒரு முடிச்சுப் போட்ட போத்தலை நீட்டினேன். “ஒரு மடக்கு குடிங்க.”

“என்னையே சந்தேகமா?”

“காலையில ரெண்டையும் ஒண்ணாக்கினது யாரு?”

கார்க் பிடுங்கும் சத்தம், விழுங்கும் சத்தம். அப்புறம் ஒரு இருமல்.

“இவ்வளவு கசப்பா இது?”

“மூணு வேளை, சாப்பாட்டுக்குப் பின்னாடி” என்றேன். “நீங்கதான் சொன்னீங்க.”

சட்டத்துக்காக நோட்டுப் புத்தகத்தில் என்ன எழுதிக்கொண்டாரோ எனக்குத் தெரியாது. போத்தல் இரண்டும் என் பையோடு வந்தன. கன்னையாவின் மூலை இன்னும் காலிதான்.

அடுத்த வாரம் போனேன். வரிசை வழக்கத்தைவிட நீளம். எனக்கு முன்னால் நின்ற நல்லம்மாள் கையிலிருந்த ஒரு நூல்கண்டு என் விரலில் பட்டது.

“உங்களுக்குத் தெரியாதாண்ணே? டிரெசரே கட்டி, குடிச்சும் காட்டினாராமே. சக்தியுள்ள கயிறு லா.”

மேசைக்குப் போனதும் வாலண்டைன் பல்லைக் கடித்துக்கொண்டு பேசினார். “உம்மாலதான் இத்தனையும். காலையிலேர்ந்து முடிச்சுப் போட்டே விரல் போச்சு. ஆளுக்காள் ஒரு நூல்.”

“போடுங்க. அவங்களும் வாசிக்கத் தெரியாதவங்கதானே. குடிக்க ஒண்ணு, கழுவ ரெண்டு. மாத்திப் போட்டுடாதீங்க.”

என் போத்தல்களை நிரப்பிக் கட்டிக் கொடுத்தார். நல்ல மனுஷர்தான். இருந்தாலும் ஒரு முடிச்சை அவர் பக்கம் நீட்டினேன். முனகிக்கொண்டே கார்க்கைப் பிடுங்கினார்.