காய்ந்த எடை

சனிக்கிழமை மத்தியானம் பட்டறையிலிருந்து வந்த என் பெண்டாட்டி இஞ்ஞாசி, எனக்குச் சோறு போடுவதற்கு முன்னால் பையிலிருந்த பொட்டலங்களை எடுத்துக் கூடத்தில் வரிசையாக அடுக்கினாள். பொட்டுக்கடலை, வறுத்த வேர்க்கடலை, சிவப்பு அவல், கேழ்வரகுச் சத்துமாவு, ஒப்புக்குக் கொஞ்சம் முந்திரி. ஒவ்வொன்றின் மேலும் பென்சிலால் எத்தனை கிராம் என்று எழுதியிருந்தது. எங்கள் வீட்டில் தராசு கிடையாது. அவள் வேலை பார்க்கும் பீங்கான் பட்டறையில் மண்கலவை நிறுக்கிற தராசில், சூப்பர்வைசர் சாப்பிடப் போன நேரமாகப் பார்த்து, கூட வேலை செய்யும் கொளஞ்சியம்மாளை வாசலில் காவல் வைத்துவிட்டு நிறுத்துக்கொண்டு வந்திருக்கிறாள். ஒரு நாளைக்கு அறுநூறு கிராம், எட்டு நாளைக்கு நாலு கிலோ எண்ணூறு என்று என்னிடம் சொன்னாள். எனக்கு எத்தனை கிராம் சோறு என்று கேட்க நாக்கு துடித்தது. கேட்டிருந்தால் அன்றைக்குப் பட்டினிதான்.

விருத்தாசலத்திலிருந்து வேளாங்கண்ணிக்கு நூற்றி அறுபது கிலோமீட்டர். ஆகஸ்ட் கடைசியில் திருவிழாக் கொடியேற்றத்துக்கு முன்னால் கிளம்பி, அதைத் தனியாக நடந்து போகப் போகிறாள். வயது ஐம்பத்து மூன்று. சர்க்கரைக்குக் காலையில் ஒரு மாத்திரை, ராத்திரி ஒரு மாத்திரை. இதெல்லாம் யாருக்காக என்றால் எனக்காக. அதனால்தான் என்னால் வாயைத் திறக்க முடியவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன்னால், ஜங்ஷன் ஸ்டாண்டில் சவாரிக்காக என் ஆட்டோவுக்குள் உட்கார்ந்திருந்தபோதே எனக்கு நெஞ்சு அடைத்தது. புதுச்சேரிக்குக் கொண்டுபோய் நெஞ்சைப் பிளந்து வைத்தியம் பார்த்தார்கள். ஆபரேஷன் நடந்த ஆறு மணி நேரமும் இஞ்ஞாசி கதவோரம் நின்றுகொண்டு, அவரை எழுப்பி நடக்க வைத்துவிடு, நான் உன் கோயிலுக்கு நடந்தே வருகிறேன் என்று மாதாவிடம் நேர்ந்துகொண்டிருக்கிறாள். மாதா தன் பங்கைச் செய்துவிட்டாள். நான்தான் நடக்கவில்லை. தினமும் நாலு கிலோமீட்டர் நடக்கச் சொன்னார் டாக்டர். நான் தெரு முக்குட்டு டீக்கடைக்கே ஆட்டோவில்தான் போவேன். இடது கையால் எதையும் தூக்கவும் மாட்டேன். தூக்கலாம், ஒன்றும் ஆகாது என்று அவர் இரண்டு தடவை சொல்லிவிட்டார். ஆனாலும் அந்தக் கைக்குப் பக்கத்தில்தானே தையல் இருக்கிறது என்று எனக்கு ஒரு பயம். பால் பாக்கெட்கூட வலது கையில்தான்.

போன வருடம் பங்குக் கோயில் ஆட்களோடு காவி கட்டிக்கொண்டு கிளம்பினாள். டோமினிக்தான் தலைவர். நல்ல மனிதர், பங்கில் எந்த வேலைக்கும் முன்னால் நிற்பார். ஒரு நாளைக்கு முப்பத்தைந்து கிலோமீட்டர், சாப்பாடு வேனில் பின்னால் வரும். கொள்ளிடம் பாலத்தைத் தாண்டிய காலையில் வேன் எங்கேயோ ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டது. இவள் வழக்கம் போல ஏழு மணிக்கே மாத்திரையைப் போட்டுவிட்டாள். வழியில் தர்மத்துக்குக் கொடுத்த சர்க்கரைப் பொங்கலையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். ஒன்பதரை மணிக்கு வேர்த்துக் கொட்டி ரோட்டோரம் விழுந்தாள். வாயில் சர்க்கரையைப் போட்டுத் தெளிய வைத்து, வேனில் ஏற்றி வேளாங்கண்ணிவரை கொண்டுபோனார்கள். கோயிலுக்குள் போய் மாதாவைப் பார்த்து, இது கணக்கில் சேராது, அடுத்த வருஷம் வரேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டாள்.

அன்றிலிருந்து என் பாடு திண்டாட்டம்தான். நெஞ்சில் லேசாகச் சுருக்கென்றால்கூட, பாதிதானே நடந்தாள், பாதி உயிர்தானே உறுதி என்று மனசு சொல்லும். படித்த பிள்ளைகள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். ஆனால் அதைவிடப் பெரிய பயம் வேறு. எனக்காக நடக்கப் போய் அவள் விழுந்து, தூக்க ஆளில்லாமல் கிடந்தால் நான் என்ன செய்வேன்? இதை அவளிடம் சொன்னதில்லை. சொல்லுகிற பழக்கம் எங்கள் வீட்டில் இல்லை.

இந்த வருடம் ஜூன் மாதமே, பூசை முடிந்ததும் டோமினிக் ஒரு ஒழுங்கு சொன்னார். சர்க்கரை, பிரஷர் உள்ளவர்கள் நடக்க வேண்டாம், வேனில் மாதா சுருவச் சிலையோடு உட்கார்ந்து ஜெபமாலை சொல்லிக்கொண்டு வரலாம். இஞ்ஞாசி எழுந்து எல்லார் முன்னாலும் சொன்னாள்:

"வண்டியில குந்திக்கினு போறதுக்கு நான் எதுக்குங்க வரணும்? மாதா படம் எங்க வூட்லயே இருக்குது."

அதோடு ஆரம்பித்தது இந்தத் திட்டம். எங்கள் மகள் பள்ளியில் படித்தபோது தூக்கிய பழைய பையை மூட்டையிலிருந்து எடுத்துத் தைத்தாள். நோட்டுப் புத்தகம் ஒன்று போட்டாள். ஒரு நாளைக்கு இருபது கிலோமீட்டர், எட்டு நாள். முதல் ராத்திரி ஸ்ரீமுஷ்ணம், அடுத்தது காட்டுமன்னார்கோயில், அதற்கப்புறம் சிதம்பரம் பக்கம் என்று தங்குகிற இடங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை எதைத் தின்ன வேண்டும் என்பது வரைக்கும் எழுதியிருந்தாள். வழியெல்லாம் கடை இருக்கிறதே, எதற்கு இத்தனை சுமை என்று கேட்டேன். போன வருடம் வேன் இருக்கிறது என்றார்களே, இருந்ததா என்று திருப்பிக் கேட்டாள். சாப்பாடு இனிமேல் தன் தோளில்தான் வரும், யார் பின்னாலும் வராது என்றாள்.

மொத்தச் சுமை எட்டு கிலோவைத் தாண்டக் கூடாது என்பது அவளுடைய கட்டளை. அந்த எட்டு எங்கிருந்து வந்தது என்றால், பட்டறையில் அவள் இன்னும் சுடாத பச்சைக் கோப்பைகளை அடுக்கிய பலகையைத் தோளில் வைத்து ஒரு நாளைக்கு நூறு தடவை உலர்த்துமிடத்துக்குக் கொண்டுபோகிறவள். எட்டு கிலோ இருந்தால் பொழுதுக்கும் தெரியாதாம். அதற்கு மேலே போனால் முழங்கை நடுங்கி, கோப்பையில் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழுந்துவிடுமாம். சூளையில் வெந்த பிறகுதான் அது தெரியுமாம். சாப்பாடு நாலு எண்ணூறு, பையும் துணியும் தார்ப்பாயும் டார்ச்சும் மாத்திரையும் இரண்டு அறுநூறு. ஏழு கிலோ நானூறு என்று கோடு போட்டு முடித்தபோது அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். கல்யாணத்தன்றுகூட அவ்வளவு பூரிப்பு இல்லை.

ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை வைத்தாள். எட்டு நாள் சுமையையும் தூக்கிக்கொண்டு ஸ்ரீமுஷ்ணம்வரை நடப்பது. பதினோரு மணிக்கு அங்கே பஸ் ஸ்டாண்டில் நான் ஆட்டோவோடு நிற்க வேண்டும். அதற்கு முன்னால் ரோட்டில் என் வண்டி கண்ணில் படக் கூடாது. இன்றைக்கு முடியாவிட்டால் நானே வேனில் ஏறிக்கொள்கிறேன் என்று அவள் வாயாலேயே சொன்னாள். விடிவதற்கு முன்னால் கிளம்பினாள். கடைசியில் வாசலில் நின்று, இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டில் இரண்டை எடுத்துப் பையின் இரண்டு பக்கமும் செருகியதை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். கண்ட குழாய்த் தண்ணீர் அவள் வயிற்றுக்குச் சேராது. எனக்கும் அப்போது ஒன்றும் தோன்றவில்லை.

ஏழு மணிவரை வீட்டில் உட்கார்ந்திருந்தேன். அதற்கு மேலே முடியவில்லை. வாக்குக் கொடுத்தவன்தான், ஆனாலும் வண்டியை எடுத்துவிட்டேன். ஊரைத் தாண்டி, கரும்புக் கொல்லைகளைத் தாண்டி, ஒவ்வொரு வளைவிலும் ரோட்டோரத்தைப் பார்த்துப் பார்த்து ஓட்டினேன். பதினாலாவது கிலோமீட்டர் இருக்கும். ஒரு மதகுக் கட்டையில் அவள் உட்கார்ந்திருந்தாள், தலை குனிந்து, பை தரையில்.  வண்டியை அணைக்காமலே இறங்கி ஓடினேன். ஓடினேன் என்று சொல்வது கொஞ்சம் அதிகம்தான்.

அவள் மயங்கவில்லை. பொட்டுக்கடலையை மென்றுகொண்டு, மடியில் நோட்டை வைத்து எழுதிக்கொண்டிருந்தாள். ரவிக்கை ஓரமாக இரண்டு தோளிலும் பட்டை அழுத்திய இடம் செக்கச்செவேலென்று தடித்திருந்தது. பாதத்தில் ஒரு கொப்புளம். என்னைப் பார்த்ததும் கோபப்படுவாள் என்று நினைத்தேன். அவள் நோட்டை என் பக்கம் திருப்பி, ஒரு வரியில் விரலை வைத்தாள். தண்ணீர், இரண்டு பாட்டில் என்று எழுதியிருந்தது. அதற்கு எதிரே கிலோ போடுகிற இடம் காலியாக இருந்தது.

"இருவத்தி ரெண்டு வருசமா மண்ணு நிறுக்குறேங்க. தண்ணிய எடையில சேத்ததே இல்ல."

எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. பட்டறையில் கலவைக்குப் போடும் மண், மாவுக்கல் எல்லாவற்றையும் காய்ந்த எடைக்குத்தான் நிறுப்பார்களாம். தண்ணீரைப் பக்கெட்டால் அளந்து ஊற்றுவார்கள், நிறுக்க மாட்டார்கள். சூளைக்குள் போனால் அது இருக்கப் போவதில்லையே. அந்தப் பழக்கத்தில் இவளும் பாட்டிலை எண்ணி எழுதியதோடு விட்டுவிட்டாள். நாலு லிட்டர் என்பது நாலு கிலோ. ஏழு நானூறு அல்ல, பதினோரு கிலோ நானூறைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிப் பதினாலு கிலோமீட்டர் வந்திருக்கிறாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டையும் விழுங்கிக்கொண்டு, வா, வண்டியில் ஏறு, ஒத்திகைதானே என்றேன்.

அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அழித்து அழித்து எழுதிக்கொண்டிருந்தாள். சாப்பாடு தினமும் அறுநூறு கிராம் குறையும், அதனால் முதல் நாள்தான் கனம், கடைசி நாள்தான் லேசு, இதை விட்டுவிட்டு எட்டு நாளும் இருபது இருபது என்று போட்டது தன் புத்திகெட்ட வேலை என்று தன்னையே திட்டிக்கொண்டாள். முதல் நாள் பன்னிரண்டு. அப்புறம் பதினாலு, பதினாறு, பதினெட்டு. கடைசி நாள் இருபத்திரண்டு. பை இளைக்க இளைக்க நடை நீளும். எட்டு நாள் ஒன்பதாகும். ஒரு நாள் கூடினால் அறுநூறு கிராம் கூடும், சரியாக எட்டு கிலோ. முதல் இரண்டு மூன்று நாள் குறைந்த தூரம் என்பதால் இரண்டு பாட்டிலுக்குப் பதில் ஒரு பாட்டில் போதும். மொத்தம் பத்து. பென்சில் அங்கே நின்றுவிட்டது.

"இன்னும் ரெண்டு கிலோ எறங்க மாட்டேங்குது" என்றாள். 

நான் பாட்டிலைப் பார்த்தேன். இரண்டு லிட்டர். இரண்டு கிலோ. கணக்கில் நான் மந்தம்தான், ஆனால் இதற்குப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. பின்னால் என் ஆட்டோ எஞ்சின் ஓடிக்கொண்டிருந்த சத்தம் கேட்டது. போய் அதை அணைத்துச் சாவியை எடுத்துக்கொண்டு வந்தேன். எதிரே கொல்லையில் மோட்டார் கொட்டகை ஓரம் நின்ற ஆளிடம், வண்டியைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள், மத்தியானம் வந்து எடுத்துக்கொள்கிறேன் என்றேன். அவர் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

"அந்த பாட்டில இங்க குடு" என்றேன்.

"வேணாங்க. நேந்துக்கினது நானு."

"நடக்குறேன்னுதான நேந்துக்கின. தண்ணி தூக்குறேன்னு சொன்னியா?"

அவள் யோசித்தாள். மாதாவிடம் என்ன வார்த்தை சொன்னோம் என்று மனசுக்குள் அந்த ஆஸ்பத்திரிக் கதவோரத்தில் போய் நின்று பார்த்திருப்பாள் என்று நினைக்கிறேன். பிறகு, உங்களால் முடியாது, நாலு எட்டு வைத்தால் மூச்சு வாங்கும் என்றாள். வாங்கட்டும், எழுப்பி நடக்க வை என்றுதானே கேட்டாய், நடக்க வேண்டாமா என்றேன்.  

ஒரு பாட்டிலை உருவி என் கையில் கொடுத்தாள். மற்றதில் மிச்சமிருந்ததில் பாதியை நாங்கள் இருவரும் குடித்து, மீதியில் அவள் முகம் கழுவினாள். நடந்தோம். முதல் கால் மணி நேரம் எனக்கு ஒன்றும் தெரியவில்லை, கொஞ்சம் வீறாப்பாகக்கூட இருந்தது. அதற்கப்புறம் கெண்டைக்கால் இழுத்தது. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. நான் திரும்பித் திரும்பி ஆட்டோவைப் பார்த்தேன். அது கையளவாகி, வளைவுக்குப் பின்னால் மறைந்தே போனது. இஞ்ஞாசி திரும்பவில்லை, ஆனால் அவள் எடுத்து வைக்கிற எட்டு சின்னதாகிவிட்டதைக் கவனித்தேன். என் மூச்சுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டேதான் நடந்தாள்.

"எனக்குப் பயமா இருக்குது இஞ்ஞாசி" என்றேன். அவள் முதுகைப் பார்த்துச் சொன்னதால் சொல்ல முடிந்தது.

"எனுக்கும்தான்" என்றாள்.

ஸ்ரீமுஷ்ணம் ஐந்து என்று எழுதிய கல்லுக்குப் பக்கத்தில் நின்றோம். அவள் பையை இறக்கி, கல்லின் மேல் நோட்டை வைத்து, தண்ணீருக்கு எதிரே காலியாக இருந்த இடத்தில் இரண்டு என்று எழுதினாள். அதற்குப் பக்கத்தில் என் பெயரை எழுதி, எதிரே ஒன்றும் போடாமல் என்னைப் பார்த்தாள். ஒரு நாளைக்கு என்னால் எத்தனை கிலோமீட்டர் நடக்க முடியும் என்கிற கேள்வி. ஆகஸ்ட் கடைசிக்கு இன்னும் ஆறு வாரம் இருந்தது. எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

பின்னாலிருந்து டவுன் பஸ் வந்தது. எங்களைப் பார்த்து வேகம் குறைந்து, பக்கத்தில் வந்தே நின்றுவிட்டது. கண்டக்டர் படியிலிருந்து எட்டிப் பார்த்து, ஏறுங்க என்று கையைக் காட்டினார். உள்ளே சன்னலோரம் இரண்டு சீட்டு காலியாக இருந்தது, என் கண்ணுக்கு முதலில் அதுதான் தெரிந்தது. இஞ்ஞாசி பென்சிலைப் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கண்டக்டரைப் பார்த்துப் போங்க என்று தலையசைத்தேன்.

பஸ் கிளப்பிய புழுதி அடங்கும்வரை அங்கேயே நின்றோம். பிறகு அவள் பையைத் தோளுக்கு ஏற்றினாள். பாட்டிலைப் பிடித்திருந்த என் வலது கை மரத்துப் போயிருந்தது. அதை இடது கைக்கு மாற்றிக்கொண்டு நடந்தேன்.