உலைச் சீட்டு

எங்கள் தொழிற்சாலையில் யார் வேண்டுமானாலும் வேலைநிறுத்தம் செய்யலாம், உலை மட்டும் செய்யக்கூடாது. இது கம்பெனி போட்ட சட்டமில்லை, எங்கள் சங்கம் தனக்குத்தானே போட்டுக்கொண்ட சட்டம். பாட்டில் வார்க்கிற கண்ணாடிக் குழம்பு இரவு பகலாகக் கொதித்துக்கொண்டே இருக்கவேண்டும். சூடு இறங்கினால் குழம்பு உள்ளேயே கல்லாக இறுகிவிடும், சுற்றியிருக்கிற செங்கல் வெடித்துவிடும். அப்புறம் தலைகீழாக நின்றாலும் அந்த உலையை மீட்கமுடியாது. அதனால் போராட்ட நாட்களிலும் ஷிப்டுக்கு ஆறு உலைக்காரர்கள் உள்ளே போவார்கள். சங்கச் செயலாளர் கையெழுத்திட்ட சீட்டு ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் இருக்கும். கேட்டை மறித்து நிற்கிற கூட்டம் அந்த உலைச் சீட்டைப் பார்த்தால் விலகி வழிவிடும். போராட்டம் முடிந்தபிறகு திரும்பிப்போக ஒரு வேலை இருக்கவேண்டுமல்லவா?

அந்தச் செயலாளர் நான்தான். உலைக்காரர்களில் மூத்தவர் என் வீட்டுக்காரர்.

எனக்கு உலையில் வேலையில்லை. வெளிச்சப் பலகைக்கு எதிரே உட்கார்ந்து, ஓடுகிற பாட்டில்களில் விரிசல் பார்ப்பது என் வேலை. பதினாறு வருடமாகப் பார்க்கிறேன். மயிரிழை விரிசல்கூட என் கண்ணுக்குத் தப்பாது என்று எனக்கு ஒரு கர்வம் உண்டு. மனிதர்களையும் அப்படியே பார்த்துவிடலாம் என்று நினைத்தேன் பாருங்கள், அங்கேதான் சறுக்கினேன்.

போராட்டம் பேக்கிங் பகுதியின் நாற்பத்திரண்டு பெண்களுக்காக. எல்லாரும் காண்ட்ராக்ட். பதினோரு மாதத்துக்கு ஒருமுறை அவர்களை ஒரு வாரம் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, பிறகு புதிதாகச் சேர்த்ததாக எழுதிக்கொள்வார்கள். என் நாத்தனார் அப்படிப் பத்துத்தடவை புதிதாகச் சேர்ந்தவள். அட்டைப்பெட்டி மடித்து மடித்து அவளுடைய இரண்டு கட்டைவிரலும் வளைந்துபோயின, காகிதத்தில் மட்டும் அவள் என்றைக்கும் புதுசு. இவர்களை நிரந்தரமாக்கு என்பதுதான் எங்கள் ஒரே கோரிக்கை. முந்நூறு பேர் வெளியே வந்தோம்.

தெருவே எங்களோடு நின்றது. சும்மா நிற்கவில்லை. தெருமுனைக் குழாயும், பள்ளிக்கூடத்துக்குப் புதுக்கூரையும் எங்கள் சங்கம் சண்டைபோட்டு வாங்கிக் கொடுத்தவை. முடிதிருத்துகிறவர், போராட்டம் முடியும்வரை காசு வேண்டாம் என்று போர்டு எழுதி மாட்டினார். மளிகைக்கடைக்காரர் கேட்காமலே மூட்டை அனுப்பினார். அதையெல்லாம் பார்க்கப் பார்க்க எனக்குத் தைரியம் ஏறியது. கொஞ்சம் திமிரும் ஏறியது, ஒப்புக்கொள்கிறேன்.

இருபத்துமூன்றாம் நாள் நாலாவது பேச்சுவார்த்தை. நானும் எங்கள் சங்கத் தலைவரும் போனோம். தலைவருக்கு ஊர் வைத்த பேர் மைக் அண்ணன். கையில் மைக் இல்லாவிட்டாலும் மைக் இருப்பதுபோலவே பேசுவார். மேனேஜர் முந்தைய மூன்றுதடவையும் கத்தினவர், அன்றைக்குக் கத்தவில்லை. பிஸ்கட் தட்டை எங்கள் பக்கம் நகர்த்தினார். மைக் அண்ணன் பேசி ஓய்ந்தபிறகு மேனேஜர் என்னைப் பார்த்துக் கேட்டார்.

"எல்லாம் சரிம்மா. உலையை மட்டும் நிறுத்திட மாட்டீங்கல்ல?"

கேட்டுவிட்டுக் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். ஆள் பயந்துபோயிருக்கிறான், இதுதான் விரிசல் என்று எனக்குத் தோன்றியது. வெளியே வந்ததும் மைக் அண்ணனிடம் சொன்னேன். "அவன் உயிரு உலையிலதாண்ணே இருக்கு. ஒரு ஷிப்டு சீட்டை நிறுத்தினா, ரெண்டு மணி நேரத்துல கையெழுத்துப் போட்டுருவான்."

"சரியாச் சொன்னம்மா!" என்று அவர் ரோடு முழுக்கக் கேட்கும்படி சொன்னார்.

வீட்டில் சொன்னபோது என் வீட்டுக்காரர் சாப்பிட்ட கையைக் கழுவாமல் உட்கார்ந்திருந்தார். அவர் ஒரு கல்லுளிமங்கன். கேட்டதற்கே பாதி நாள் பதில் வராது. அன்றைக்கு அவராகப் பேசினார்.

"வேணாம். அது கிழட்டு உலை. செங்கல் தேஞ்சு தேஞ்சு பாதியாயிருச்சு. ரெண்டு வருஷம் முன்னாடியே பிரிச்சுக் கட்டியிருக்கணும்."

"அதனாலதான் பயப்படுறாங்க."

"பயப்படுறவன் செங்கலுக்கு ஆர்டர் குடுத்திருப்பான். ஒரு கல்லு வரலை. ஏன் வரலைன்னு நான் யோசிச்சுட்டே இருக்கேன். நீயும் கொஞ்சம் யோசி."

நான் யோசிக்கவில்லை. இத்தனை வருடம் போராட்டம் என்றால் எல்லாரும் வெயிலில் நிற்க, இவர் மட்டும் சீட்டை நீட்டி உள்ளே போய்வந்தவர், அந்த மரியாதை போய்விடுமே என்று பார்க்கிறார் என்று எனக்குள் ஓடியது. வாயிலிருந்தும் வந்துவிட்டது.

"நீங்க யாரு பக்கம்னு எனக்கே சந்தேகமா இருக்குங்க. உங்க கூடப்பொறந்த தங்கச்சிக்காகத்தான் நிக்கிறோம். ஞாபகம் இருக்கட்டும்."

அவர் எழுந்துபோய்க் கையைக் கழுவினார்.

மறுநாள் காலை பள்ளிக்கூடத்துப் பெரிய வகுப்பறையில் பொதுக்குழு கூடியது. சின்னப்பிள்ளைகளின் பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். இன்று பிற்பகல் இரண்டு மணி ஷிப்டிலிருந்து உலைச் சீட்டு கொடுப்பதில்லை என்ற தீர்மானத்தை நான்தான் படித்தேன். காடு மாதிரி கைகள் எழுந்தன. என் பக்கத்தில் இருந்த நாத்தனார் இரண்டு கையையும் தூக்கினாள். ஒரு கைதான் கணக்கு என்று யாரோ சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். உலைக்காரர்கள் சிலர் தயங்கித் தூக்கினார்கள். என் வீட்டுக்காரர் தூக்கவில்லை. சங்கத்தின் காகிதத்தில் கம்பெனிக்குக் கடிதம் எழுதி, செயலாளர் என்று கையெழுத்துப் போட்டு, கேட்டில் கொடுத்து ரசீதும் வாங்கினேன்.

இரண்டு மணிக்குக் காலை ஷிப்டு ஆறு பேரும் வெளியே வந்தார்கள். உள்ளே போகவேண்டிய ஆறு பேர், என் வீட்டுக்காரரும் சேர்த்து, எங்களோடு நின்றார்கள். பாட்டுப் பாடினோம். அதிகாரிகள் ஐந்து பேர் உள்ளே இருந்தார்கள். குழம்பு இறுகாத அளவுக்கு இரண்டு நாளாவது சூட்டைப் பிடித்துவைக்க அவர்களுக்குத் தெரியும். அதற்குள் மேனேஜர் கூப்பிடுவார் என்பதுதான் என் கணக்கு. போனைக் கையிலேயே வைத்திருந்தேன்.

மூன்றரைக்குப் புகைபோக்கியில் புகை நின்றது.

அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. என் வீட்டுக்காரர்தான் முதலில் நிமிர்ந்து பார்த்தார். "உலைக்குப் போற கேஸை மூடிட்டாங்க" என்றார். "குறைக்கலை. மூடிட்டாங்க."

கொஞ்ச நேரத்தில் கேட் திறந்தது. அதிகாரிகளின் கார்கள் வரிசையாக வெளியே வந்தன. மேனேஜர் பின்சீட்டில் உட்கார்ந்திருந்தார். அவர் மடியில், ஆபீஸ் ஜன்னலோரம் எப்போதும் இருக்கும் பூந்தொட்டி. நாளைக்கு வேலைக்கு வருகிற மனிதன் பூந்தொட்டியை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போவானா? அப்போதுதான் எனக்கு உறைத்தது. கழுத்தைத் துடைத்தானே, அது பயமில்லை. தூண்டிலில் மீன் கடிக்குமா கடிக்காதா என்ற பதைப்பு. அவர்களாக மூடினால் அரசாங்கத்திடம் அனுமதி கேட்கவேண்டும், முந்நூறு பேருக்கும் நஷ்டஈடு கொடுக்கவேண்டும். தொழிலாளியே உலையைக் கொன்றுவிட்டால் ஒன்றும் வேண்டாம். அவர்களுக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்தது. நழுவவிட்டவள் நான்.

சீட்டுப் புத்தகத்தை எடுத்து, ஒருவர் முதுகில் வைத்து, ஆறு சீட்டு எழுதினேன். எழுத்து கோணிக்கொண்டு போனது. ஆறு பேரும் ஓடினார்கள். செக்யூரிட்டி கேட்டில் புதுச் சங்கிலி போட்டுக்கொண்டிருந்தான்.

"உள்ள விடச்சொல்லி உத்தரவு இல்லைக்கா."

"உலை செத்துரும்டா!"

"எனக்கென்னக்கா தெரியும். யாரையும் விடக்கூடாதுன்னுட்டாங்க."

என் வீட்டுக்காரர் அவனிடம் சீட்டை நீட்டியபடியே நின்றார். கம்பெனிக்காரனுக்கு அந்தச் சீட்டு என்றைக்கும் ஒரு பொருட்டில்லை, நாங்கள்தான் அதற்குக் கட்டுப்பட்டவர்கள் என்பது அவருக்குத் தெரியாதா? தெரிந்தும் நீட்டினார். போலீஸ் வண்டி இரண்டு வந்தது. மதிலேறப் போன இரண்டு பேரை இறக்கி ஏற்றிக்கொண்டு போனார்கள்.

மறுநாள் காலை மதிலுக்கு வெளியே நின்றோம். உள்ளேயிருந்து வெடிச்சத்தம் கேட்கத் தொடங்கியது. முதலில் தனித்தனியாக, பிறகு அடுத்தடுத்து. என் வீட்டுக்காரர் மதிலில் கை வைத்துக்கொண்டு, பக்கத்திலிருந்த சின்ன வயசு உலைக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "இது பக்கச்சுவர். இது பர்னர் வாய்." பெரிதாக ஒரு சத்தம் கேட்டு மதில் அதிர்ந்தது. "கூரை" என்றார். பிறகு மதிலோரம் குந்தி உட்கார்ந்து அழுதார். கல்யாணமாகிப் பத்தொன்பது வருடத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை. பக்கத்தில் போய் உட்கார எனக்கு முகமில்லை.

மூன்றாம் நாள் கேட்டில் நோட்டீஸ் ஒட்டினார்கள். தொழிலாளர்கள் உலையைக் கைவிட்டதால் ஆலை நிரந்தரமாக மூடப்படுகிறது, யாருக்கும் எந்த நஷ்டஈடும் இல்லை. கீழே ஆதாரமாக என் கடிதத்தின் நகல். கையெழுத்து தெளிவாக விழுந்திருந்தது.

அடுத்த வாரம் மைக் அண்ணன் வீட்டுக்கு வந்தார். அன்றைக்குத்தான் அவர் மெதுவாகப் பேசிக் கேட்டேன். கையில் தீர்மான நோட்டு.

"வக்கீலைப் பாத்தேம்மா. உலைக்குப் போற கேஸை மூடினது அவங்கதான்னு நாம சொன்னா, கடிதத்தைக் காட்டுவாங்க. பொதுக்குழு முடிவுன்னா முந்நூறு பேரும் குத்தவாளி. செயலாளர் தன்னிச்சையா எழுதிட்டாங்க, பொதுக்குழுவே கூடலைன்னா, மத்தவங்க நஷ்டஈடு கேக்க வழி இருக்காம். பேக்கிங் பொண்ணுங்களையும் சேத்துக் கேக்கலாமாம்."

"அந்தப் பக்கத்தைக் கிழிச்சுட்டீங்களா?"

அவர் நோட்டைத் திருப்பிப் பார்த்தார். "நீ சொன்னாத்தான்."

"எனக்கு என்னண்ணே ஆகும்?"

"சங்கத்துலேர்ந்து நீக்கணும். இல்லேன்னா நம்பமாட்டாங்க. உம்மேல வழக்கு வரும்." நோட்டை மூடிவிட்டு, "உன் வீட்டுக்காரருக்கு நஷ்டஈடு வந்துரும்மா. அவரு கை தூக்கலைன்னு ஊருக்கே தெரியும்" என்றார்.

"இப்பத்தான் பொதுக்குழுவே கூடலையே. அப்புறம் எங்க கை தூக்குறது?" என்றேன். அவருக்குச் சிரிக்கவும் முடியவில்லை, சிரிக்காமல் இருக்கவும் முடியவில்லை.

என் வீட்டுக்காரர் உள்ளேயிருந்து வந்து நிலைப்படியில் நின்றார். "நான் சீட்டில்லாமப் போயிருக்கலாம்" என்றார். "ரெண்டு மணிக்குக் கேட் திறந்துதான் இருந்துச்சு. சீட்டில்லாமப் போகக்கூடாதுன்னு நின்னேன். அவ மேல மட்டும் எழுதாதீங்க."

நான் மைக் அண்ணனிடமிருந்து நோட்டை வாங்கினேன். எந்த உறுப்பினரையும் கலக்காமல், என் சொந்த முடிவாகக் கடிதம் எழுதினேன் என்று நானே என் கைப்பட எழுதிக் கையெழுத்திட்டேன். நான் செய்ததற்கு இது கூலி என்று நினைத்துக்கொண்டேன். முந்நூறு பேருக்கும் உண்மை தெரியும், அது போதும் என்றும் நினைத்தேன்.

உலை வாயை மூடினாலும் ஊர் வாயை மூடமுடியாது என்பார்கள். ஊர் வாய் மூடவில்லை, மெல்ல மெல்ல வேறு பேசத் தொடங்கியது. பொதுக்குழுவே கூடவில்லை என்று முதலில் விசாரணையில் அதிகாரிமுன் சொன்னார்கள். சொல்லவேண்டியதுதான், வக்கீல் சொல்லிக்கொடுத்தது. பிறகு டீக்கடையில் சொன்னார்கள், அங்கே எந்த அதிகாரியும் இல்லை. முடிதிருத்துகிறவர் என்னைக் கண்டால் சீப்பைத் துடைக்கத் தொடங்கினார். குழாயடியில் நான் குடத்தை வைத்தால் பேச்சு நின்றது. நாலு மாதத்தில் பள்ளிக்கூடத்தில் அப்படி ஒரு கூட்டம் நடந்ததே யாருக்கும் ஞாபகமில்லை. வழக்கு இன்னும் முடியவில்லை. யாருக்கும் ஒன்றும் வரவில்லை.

போன வாரம் நாத்தனார் வந்தாள். வேலை தேடி வேறு ஊருக்குப் போகிறாளாம், சொல்லிக்கொண்டு போக வந்தாள். அண்ணனிடம் பேசினாள், என் கையால் தண்ணீர் வாங்கிக் குடித்தாள். வாசலில் செருப்பை மாட்டும்போது என் கையைப் பிடித்துக்கொண்டாள். கோபமில்லை, நடிப்புமில்லை. அங்கே அதிகாரியோ வக்கீலோ இல்லை, நாங்கள் இரண்டு பேர்தான்.

"உங்களைத் திட்ட வரலை அண்ணி. எங்களுக்காகத்தான் செஞ்சீங்க, தெரியும். ஆனா எங்களை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

அவள் முகத்தையே பார்த்தேன். ஒரு விரிசலும் இல்லை. மனசார நம்பித்தான் கேட்கிறாள்.

"கேட்டிருக்கலாம்மா" என்றேன்.