எழுதியவருக்கு ஒரு மந்திரம்

நாடகம் தொடங்க முப்பத்தொரு மணித்தியாலம் இருந்தபோது எட்வேட் மாஸ்ரர் பெற்றிசியாவின் வாசலில் சைக்கிளை நிறுத்தினார். அவர் கோயில் திருநாள் சபையின் தலைவர்.

"ரீச்சர், எழுதினவர் ஆர்?"

"சொல்லமாட்டன் எண்டு வாக்குக் குடுத்திட்டன் மாஸ்ரர்."

"செத்தவர் ஆரின்ரயோ பழைய கொப்பியை எடுத்துப் புதிசெண்டு போடுறியள் எண்டு சனம் கதைக்குது."

"ஏன் அப்பிடி?"

"உங்கட ஒத்திகைக்கு எழுதினவர் வராமல் விட்டது உண்டே? இந்தமுறை ஒருத்தரும் வரேல்லை. உயிரோட இருந்தால் வராமல் இருப்பாரே?"

பெற்றிசியா சிரித்துவிட்டாள். மாஸ்ரர் சிரிக்கவில்லை.

"நாளைக்கு நாடகம் முடியேக்க எழுதினவர் மேடையில நிக்கோணும். இல்லாட்டி வாற வருசம் பழையபடி கூத்துத்தான். சபை முடிவெடுத்திட்டுது."

பதினொரு வருடத்தில் அவள் அந்த மேடையில் ஒன்பது நாடகம் போட்டிருந்தாள். ஒன்பதும் அதற்குமுன் எங்கும் ஏறாதவை. முதலாவதற்குப் பாதிச் சனம் எழும்பிப் போனது. நான்காவதற்குத் தூரத்து மறிச்சுக்கட்டியிலிருந்து லொறியில் ஆள் வந்தது. எழுதியவரைப் பக்கத்தில் இருத்தி, நடிகர் சொல்லச் சொல்ல வசனத்தை வெட்டித் திருத்துவது அவள் வழக்கம். ஊர் அறிந்த கூத்துகளை எழுதிய புலவர்களோ எப்போதோ மண்ணுக்குள் போய்விட்டார்கள். கூத்துத் தொடங்கமுன் அவர்களுடைய ஆன்மாவுக்காகச் செபிப்பது கோயில் வழக்கம்.

பின்னேரம் பெற்றிசியா எழுதியவரிடம் போய்க் கெஞ்சினாள்.

"இது எங்கட வீட்டுக் கதை ரீச்சர். ஐயா அறிஞ்சால் என்னை வீட்டில ஏத்தார்" என்று பதில் வந்தது.

அவள் அதற்குமேல் கேட்கவில்லை. வாக்கு வாக்குத்தான்.

மறுநாள் மாலை ஆறரைக்குக் கோயில் வளவில் இடமில்லை. மேடையின் பக்கத்தட்டிக்குப் பின்னால் சிவபாக்கியம் கொப்பியோடு நின்றாள். வயல் ஊரான பாப்பாமோட்டைப் பெண். மறந்த வசனத்தை நடிகருக்கு எடுத்துக் கொடுப்பது அவள் வேலை. மூன்று மாதமாக ஓர் ஒத்திகையும் தவறவில்லை. வாய் திறந்ததும் குறைவு. தட்டி இடுக்கால் சனத்தைப் பார்த்தவள் பெற்றிசியாவின் கையைப் பிடித்தாள்.

"ரீச்சர், ஐயா வந்திருக்கிறார். முன் கதிரையில."

அதே நேரம் எட்வேட் மாஸ்ரர் மைக்கைப் பிடித்தார். "இந்த நாடகத்தை எழுதின அன்னாரின் ஆன்ம இளைப்பாற்றிக்காக ஒரு பரலோக மந்திரமும் ஒரு அருள்நிறை மந்திரமும் சொல்லுவம்."

அத்தனை சனமும் எழும்பி நின்று சொன்னது. சிவபாக்கியம் கொப்பியால் முகத்தை மறைத்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று பெற்றிசியாவுக்குத் தெரியவில்லை.

திரை விலகியது.

கதை இதுதான். தம்பியின் வயலுக்குப் போகும் வாய்க்காலை அண்ணன் மறித்துவிடுகிறான். பயிர் கருகுகிறது. அண்ணனாக நடித்தவன் டொமினிக். கடற்தொழில் செய்பவன், மண்வெட்டி பிடிக்கவே அவனுக்கு ஒரு மாதம் பழக்க வேண்டியிருந்தது. இப்போது வரம்பில் அவன் காலை அகட்டி நின்ற நிலையைப் பார்த்து, பாப்பாமோட்டையார் இருந்த பக்கத்தில் சிரிப்பு எழும்பியது.

"கதிர்காமு அண்ணை நிக்கிறமாதிரியே நிக்கிறான்!"

முன் கதிரையில் இருந்த கதிர்காமு சிரிக்கவில்லை. சால்வையை எடுத்து மடியில் வைத்தார். பிறகு தோளில் போட்டார். தட்டிக்குப் பின்னால் அவர் மகள் கொப்பியை மூடியிருந்தாள். வசனம் முழுவதும் அவள் உதட்டிலேயே ஓடிக்கொண்டிருந்தது.

கடைசிக் காட்சி. தம்பி கருகிய கதிரைக் கொண்டுவந்து அண்ணன் காலடியில் வைக்கிறான். டொமினிக் பேசாமல் நிற்க வேண்டும். நின்றான்.

கதிர்காமு எழும்பினார்.

"என்னடா பாத்துக்கொண்டு நிக்கிறாய்? திறந்துவிடடா தண்ணியை! உன்ர தம்பியெல்லே!"

டொமினிக் திடுக்கிட்டு, இன்னும் அரைப் பக்க வசனம் இருக்க, மண்வெட்டியால் வாய்க்காலை மறித்த மண்ணை வெட்டிவிட்டான். அவ்வளவுதான். சனம் கதிரையில் ஏறி நின்று கைதட்டியது. பதினொரு வருடத்தில் அப்படியொரு கைதட்டலைப் பெற்றிசியா கேட்டதில்லை. விட்டுப்போன அரைப் பக்கம் தேவையே இல்லை என்று அவளுக்கு அப்போதுதான் விளங்கியது.

எட்வேட் மாஸ்ரர் மேடைக்கு ஏறினார். அவர் கண்ணும் ஈரம். ஆனால் சபைத் தலைவர் சபைத் தலைவர்தான்.

"ரீச்சர், நல்ல நாடகம். எழுதினவர் எங்க?"

பெற்றிசியா மைக்குக்கு முன்னால் போனாள். வாய் திறக்கவில்லை. சொன்னால் வாக்குப் போகும், சொல்லாவிட்டால் மேடை போகும். சனம் முணுமுணுத்தது.

"நான் சொன்னனானெல்லே, செத்திட்டார்" என்றது ஒரு குரல்.

"எழுதினவன்ர கையைப் பிடிச்சுக் கும்பிட வேணும். ஆரெண்டு சொல்லுங்கோ பிள்ளை" என்றார் கதிர்காமு. இன்னும் நின்றபடிதான் இருந்தார்.

தட்டி அசைந்தது. சிவபாக்கியம் வெளிச்சத்துக்கு வந்தாள். வெறும் காலோடு பெற்றிசியாவின் பக்கத்தில் போய் நின்றாள். மைக் அவளுக்கு உயரம். பெற்றிசியா அதைக் கீழே இறக்கிவிட்டாள்.

"ஐயா," என்றாள் அவள், "நான்தான் எழுதினனான். நான் சாகேல்லை."