மேசையில் மிஞ்சிய இரண்டு பின்கள்

விழுப்புரம் பட்டறையில் ஊனமுற்ற கால்களைத் தாங்கும் காலிப்பர் செய்வதில் முருகையனுக்கு இருபத்திரண்டு வருஷம். உடன் வேலை செய்யும் வெண்ணிலா டிப்ளமோ முடித்து வந்து எட்டே மாதம். அதற்குள் திண்டிவனம் கலையரசி, பத்து வருஷமாக அவரிடமே அளவு கொடுத்து வந்தவள், போன் போட்டு, "வெண்ணிலா சிஸ்டர் இருக்காங்களா?" என்று கேட்டாள். போனை எடுத்தவர் முருகையன். வயிறு எரிந்தது. இல்லை என்று சொல்லிவிடத்தான் நினைத்தார். வெண்ணிலா பக்கத்திலேயே நின்று தொலைத்தாள்.

வெண்ணிலா திண்டிவனம் போய் வீட்டிலேயே வைத்து அளவெடுத்து வந்தாள். வீடு தேடிப் போய் அளவெடுக்கிறதாம். இத்தனை காலம் எல்லாரும் பஸ் பிடித்து இங்கேதான் வந்தார்கள், யாரும் குறைப்பட்டுக்கொள்ளவில்லை.

வியாழக்கிழமை மாலை அவள் கிளம்பிய பிறகு முருகையன் அவள் மேசையை மேய்ந்தார். கலையரசியின் காலிப்பர் தயாராகப் பைக்குள் கட்டியிருந்தது. அதன் பக்கத்தில் இரண்டு எஃகுப் பின்கள் மிஞ்சிக் கிடந்தன. கணுக்கால் மூட்டின் உள்பக்கம் ஒன்று, வெளிப்பக்கம் ஒன்று என்று போட வேண்டியவை. பாதம் கீழே தொங்காமல் தடுப்பவை. கலையரசிக்கு இடது பாதத்தைத் தூக்க வராது. பின் இல்லாமல் நடந்தால் விரல்நுனி தரையில் தட்டி, குப்புற விழுவாள்.

மறந்துவிட்டாள். டிப்ளமோக்காரி மறந்தேவிட்டாள். முருகையனுக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்றிருந்தது.

ஒரு போன் போட்டுச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பின்களைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். கலையரசி தடுமாற வேண்டும். இவர் பையிலிருந்து எடுத்து நீட்ட வேண்டும். மறுநாள், "நானும் வர்றேம்மா" என்று பஸ் ஏறினார்.

"உக்காருங்கண்ணா," என்று ஜன்னலோர இடத்தை விட்டுக்கொடுத்தாள் வெண்ணிலா. அதுவும் அவருக்குப் பிடிக்கவில்லை.

கலையரசி தன் வீட்டுக் கூடத்தில் காலிப்பரை மாட்டிக்கொண்டு எழுந்தாள். முதல் எட்டு. முருகையனின் கை சட்டைப் பைக்குப் போனது. இரண்டு, மூன்று. விரல்நுனி தட்டவில்லை, பாதம் தானாக நிமிர்ந்து வந்தது. வாசல்வரை போய்த் திரும்பியவள், மூலையிலிருந்த தையல் மிஷினில் உட்கார்ந்து இரண்டு கால்களாலும் மிதித்தாள். சக்கரம் கடகடவென்று ஓடியது.

"பின்னுக்குப் பதிலா ஸ்பிரிங் போட்டேண்ணா," என்றாள் வெண்ணிலா. "நடந்தா தூக்கிக் குடுக்கும், மிதிச்சா எறங்கும்."

"பத்து வருஷமா ஒத்தக் கால்லதான் மிதிச்சிக்கினு இருந்தேன்," என்றாள் கலையரசி.

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமேம்மா."

"என்னா வேல செய்யறேன்னு நீங்க கேக்கவே இல்லியேண்ணா."

கேட்டதில்லைதான். அவள் தைப்பவள் என்றே அவருக்கு இன்றுதான் தெரியும்.

வெண்ணிலா தன் பையைக் கிளறினாள். "ஸ்பிரிங் போச்சுன்னா போட்டுக்க அந்தப் பின்னு ரெண்டயும் இவங்ககிட்ட குடுத்துட்டுப் போலாம்னு பாத்தேன். காலைல டேபிள்ல காணோம்."

முருகையன் எடுத்துக் கொடுத்தார். அவள் பின்களைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். புரிந்துகொள்ள அவளுக்கு அதிக நேரம் ஆகவில்லை. மிஷின் சத்தத்தில் கலையரசிக்குக் கேட்காதபடி தாழ்ந்த குரலில், "விழுவாங்கன்னு நெனச்சிக்கினுதான் வந்தீங்களா?" என்றாள்.

அவர் குனிந்து காலிப்பர் வந்த பையை மடித்தார்.

திரும்பும் பஸ்ஸிலும் ஜன்னலோர இடத்தை அவருக்கே விட்டாள்.

"உக்காருங்க சார்."