தட்டில் பெய்த மழை

வாவிக்கரை ஆஸ்பத்திரியின் ஆய்வுகூடத்தில், கிருமி வளர்க்கும் இன்குபேட்டருக்குள், ஒரே ஒரு தட்டின் மேல் மட்டும் ஒரு புதன்கிழமை காலையில் மழை பெய்யத் தொடங்கியது. பக்கத்துத் தட்டுகள் நனையவில்லை. ஆய்வுகூட உத்தியோகத்தர் நிலோஜன் ஒழுக்கு ஏதும் உண்டா என்று பார்த்தார். இல்லையென்றதும் கீழே ஒரு துவாயை விரித்துவிட்டு மற்ற வேலைகளைக் கவனிக்கப் போனார்.

தட்டில் இருந்தது கொக்கட்டிச்சோலை விவசாயி வினாயகமூர்த்தியின் இரத்தத்தில் வளர்ந்த கிருமி. விதைப்புக்கு வயல் வட்டையில் இறங்கியவர் காய்ச்சலோடு வந்து, ஜென்டமைசின் மருந்து ஏற்றியும் சூடு தணியாமல், மூச்சு வாங்கிக்கொண்டு கிடந்தார். மனைவி புஸ்பம் வார்ட் வாசலை விட்டு அசையவில்லை. முடிவுகளைப் பார்த்துக் கையெழுத்திடும் டொக்டர் ரிப்கா, ஏறாவூர்க்காரி, மூடிய தட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கிருமியை இனங்காணும் கருவி அதற்கு வழக்கமான பெயரொன்றைச் சூட்டியிருந்தது. ஆனால் தட்டில் சோதனைக்கு வைத்த ஜென்டமைசின் வில்லையை ஒட்டியே கிருமி செழித்திருந்தது. கருவி சொன்ன கிருமி ஒருபோதும் அடங்காத இன்னொரு மருந்தைச் சுற்றியோ கிருமி வளராத அகன்ற வெற்று வளையம் தெரிந்தது.

“இது மிஷின் சொல்ற ஆள் இல்ல, நிலோஜன். வயல் சேத்துக் கிருமி. மூடியத் திறந்திடாதீங்க.”

“அப்ப இந்த மழை, டொக்டர்?”

“அது பெய்யட்டும். முதல்ல வார்ட்டுக்குச் சொல்லுவம்.”

வார்ட் டொக்டர் தொலைபேசியில் தயங்கினார். மிஷின் முடிவு வந்துவிட்டதே என்றார்.

“அதில நான் கையெழுத்துப் போடல்ல. மருந்த மாத்துங்க, இப்பவே.”

மருந்து மாறியது. தான் பிழைவிட்டால் அந்த மனிதர் போய்விடுவார் என்பது ரிப்காவுக்குத் தெரியும். அன்று நண்பகல் லுஹர் தொழுகையில் ரக்அத் எண்ணிக்கை தப்பி, மறுபடியும் தொழுதார்.

காய்ச்சல் இறங்க ஒரு கிழமைக்கு மேல் எடுத்தது. கிருமி அதுதான் என்று கொழும்பு ஆய்வுகூடமும் உறுதிப்படுத்தியது. தட்டை நீராவியில் அவித்து அழித்தார்கள். மழையோ தட்டிருந்த இடத்தில் நிற்காமல் பெய்தது. வினாயகமூர்த்தி மாதக்கணக்கில் விழுங்கவேண்டிய குளிசைகளோடு வீட்டுக்குப் புறப்பட்ட அன்று, புஸ்பம் நன்றி சொல்ல ஆய்வுகூடத்துக்கு வந்தார். வெளியே வெயில் கொளுத்தியது. அவர் வாசலில் நின்றபடி இன்குபேட்டரின் கண்ணாடிக் கதவை வெகுநேரம் பார்த்தார்.

“டொக்டர், எங்கட வட்டை வெடிச்சிக் கிடக்கு. இந்த மழைய அங்கால அனுப்பேலாதா?”

“அது எங்கட கையில இல்லம்மா. எப்ப விடும் எண்டும் தெரியா.”

புஸ்பம் துளிகள் சாய்ந்து விழுவதைக் கவனித்தார்.

“இது வாடைக்காத்தோட வாற மழை. தை மாசம் முடியாம விடாது.”

அப்படியே நடந்தது. மாசி பிறக்கும்வரை மற்றத் தட்டுகளை மேல் அடுக்கில் வளர்த்தார்கள்.